இரவல் நிலத்தில் எழுந்த வீடுகள்

ஒரு நாவலாசிரியர் தம் நாவலின் இறுதி அத்தியாயங்களை அரைகுறையாக எழுதி, முடிக்க அவகாசமின்றியும் கிழித்தெறிய மனமின்றியும் அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பண்டிகைக்கு முன் நூல் கடைக்கு வந்தாக வேண்டும் என்ற அவசரம் பதிப்பாளருக்கு. அந்தப் பக்கங்களை நீக்க நேரமில்லை; ஒன்றோடொன்று பசையிட்டு ஒட்டி விற்பனைக்கு விட்டுவிடுகிறார். வாசகர் சிலர் பக்கங்கள் தடித்திருப்பதைக் கவனிக்கிறார்கள். நீராவி காட்டி மெல்லப் பிரிக்கிறார்கள். உள்ளே இருப்பதை வரிசைப்படுத்தி, அறுந்த இடங்களை ஊகித்து முடிச்சிட்டு, ஏனைய வாசகர்களுக்கு இலவசமாகவே வழங்குகிறார்கள்.

உவமைதான். ஆனால் கணினி விளையாட்டு உலகில் இதற்கு மிக நெருக்கமான ஒன்று உண்மையாகவே நிகழ்ந்தது. 2004 டிசம்பரில் அப்சிடியன் நிறுவனம் உருவாக்க, லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2' என்ற விளையாட்டின் இறுதிப் பகுதி திடீரென அறுந்துபோய் நிற்கும். உடன்வரும் பாத்திரங்கள் பலர் என்னவானார்கள் என்றே தெரியாது. எழுதப்பட்ட உரையாடல்களும் குரல் நடிகர்கள் பேசிப் பதிந்த ஒலிக்கோப்புகளும் மட்டும் குறுந்தகட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் உறங்கிக்கொண்டிருந்தன. ரசிகர்கள் அவற்றைத் தோண்டியெடுத்தார்கள். முதலில் முயன்ற குழுவினர் முடிக்க இயலாமல் ஓய்ந்தனர், பின்வந்தவர்கள் தொடர்ந்தனர். நீக்கப்பட்ட பகுதிகளை மீட்டுத் தரும் அவர்களது திருத்தத்தைச் சேர்த்து ஆடினால்தான் அந்த விளையாட்டை முழுமையாக ஆடியதாக இன்று பலரும் கருதுகிறார்கள்.

நம்மை அதைவிடக் கவர்ந்த செய்தி வேறொன்று. விளையாட்டிலிருந்து வெட்டப்பட்ட பகுதிகளுள் எந்திர மனிதர்கள் மட்டுமே வாழும் ஒரு கிரகமும் உண்டு. அதன் எச்சங்கள் கிடைத்தாலும், நிரப்ப வேண்டிய இடங்கள் மிகுதி. மீட்பு எங்கே முடிகிறது, புனைவு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கிரகம் தனித் திருத்தமாகவே வெளிவந்தது. வேண்டுவோர் சேர்த்துக்கொள்ளலாம். கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்களைத் தனியே பிரித்து அச்சிடும் மரபை அறிந்த நம் வாசகர்களுக்கு இந்த நேர்மையின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இவ்வகைத் திருத்தங்களுக்கும் சேர்க்கைகளுக்கும் விளையாட்டுலகம் இட்டிருக்கும் பெயர் 'மோட்'. மாற்றியமைத்தல் என்னும் ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதி அது. ('மாட்' என்று எழுதுவதே உச்சரிப்புக்கு நெருக்கம். ஆனால் பன்மையில் தொழுவ வாசனை வந்துவிடுகிறது என்பதால் 'மோட்' என்றே எழுதுகிறோம்.) ஒரு வாளின் நிறத்தை மாற்றுவதும் மோட்தான்; ஒரு நாட்டையே புதிதாக எழுப்பி நூறு மணிநேரக் கதையை அதில் வைப்பதும் மோட்தான். செய்பவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர்கள். ஆசிரியர், வழக்கறிஞர், மாணவர், வேதியியலாளர் என்று பகலில் வேறொரு வேலை உடையவர்கள்.

இதை இலக்கிய வாசகர்கள் ஏன் பொருட்படுத்த வேண்டும்? வாசகன் பிரதியை மீண்டும் எழுதுகிறான் என்று நாம் ஓயாமல் பேசிவருகிறோம். இங்கே அவன் நிஜமாகவே எழுதுகிறான். அவ்வாறு எழுதும்போது என்னென்ன நன்மையும் தீமையும் விளையும், எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் கோட்பாட்டளவில் அல்லாமல், முப்பதாண்டு நடைமுறையில் வைத்துப் பார்க்க வேறெங்கும் இவ்வளவு தெளிவான வாய்ப்பு கிடைக்காது.

வரலாறு 1993 டிசம்பரில் வெளிவந்த 'டூம்' விளையாட்டிலிருந்து வேகம்பிடிக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு அதே ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி'யை ரசிகர்கள் மாற்றியபோது, மூலக் கோப்புகளின் மீதே மாற்றி எழுத வேண்டியிருந்தது. புதியது வந்தால் பழையது அழிந்தது. அதைக் கவனித்த நிரலாளர் ஜான் கார்மாக், டூமில் எஞ்சினையும் உள்ளடக்கத்தையும் தனித்தனியே பிரித்தார். சுவரும் அரக்கனும் ஒலியும் 'வாட்' என்ற கோப்பில் இருக்கும். மூலத்தைத் தொடாமலேயே வேறொரு வாட் கோப்பைப் பக்கத்தில் வைத்துப் புதிய உலகத்தைத் திறக்கலாம். நிறுவனத்தினுள்ளேயே இதற்குத் தயக்கம் இருந்ததுண்டு. கார்மாக் விடவில்லை, 1997 டிசம்பரில் டூமின் மூல நிரலையே பொதுவெளியில் வைத்தார். இன்றும் டூமுக்குப் புதிய வரைபடங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. ஒரு மென்பொருள் முப்பதாண்டு உயிரோடிருப்பதென்பது, மரத்தடியில் விட்ட நாற்காலி துளிர்ப்பதைப் போன்ற செய்தி.

பெதஸ்டா நிறுவனம் இன்னும் ஓரடி முன்னே சென்றது. 2002இல் 'மாரோவிண்ட்' என்ற விளையாட்டைக் கணினிக்கு வெளியிட்டபோது, அதைக் கட்டப் பயன்பட்ட கருவியையும் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தந்தது. கதை நிகழ்வது டாம்ரியல் என்னும் கற்பனைக் கண்டத்தில். விளையாட்டில் காட்டப்படுவதோ மாரோவிண்ட் மாகாணத்தின் நடுவிலுள்ள ஒரு தீவு மட்டும். மீதி மாகாணத்தை நாமே கட்டுவோம் என்று கிளம்பிய 'டாம்ரியல் ரீபில்ட்' குழு இருபது ஆண்டுகளைக் கடந்தும் பகுதி பகுதியாக வெளியிட்டுவருகிறது. தொடங்கியவர்களில் பலர் விலகிவிட்டார்கள்; புதியவர்கள் வந்து செங்கல் அடுக்குகிறார்கள். தலைமுறை தாண்டிக் கட்டப்படும் கோயில்களுக்குரிய பொறுமை அது. அதில் காசு இல்லை, அதிகாரபூர்வ அங்கீகாரமும் இல்லை.

நன்மைகளில் முதலாவதாக நாம் வைப்பது இந்த நீளாயுளைத்தான். டிராய்க்கா என்ற சிறு நிறுவனம் 2004 நவம்பரில் 'வாம்பயர்: பிளட்லைன்ஸ்' என்ற விளையாட்டைப் பிழைகளோடு வெளியிட்டு, சில மாதங்களில் மூடப்பட்டது. எழுத்தில் மிகச் சிறந்த கணினி விளையாட்டுகளுள் ஒன்று அது. கேட்பாரற்றுப் போயிருக்கும். வெர்னர் ஷ்பால் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதன் பிழைகளைத் திருத்தும் பேட்ச்சை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து மெருகேற்றிவந்திருக்கிறார். அவர் பொதியை நிறுவும்போது ஒரு கேள்வி வரும்: அடிப்படைத் திருத்தம் மட்டும் போதுமா, நீக்கப்பட்ட பகுதிகளையும் சேர்த்த விரிவான வடிவம் வேண்டுமா? பிழைதிருத்துவது வேறு, பதிப்பாசிரியர் தம் விருப்பத்தைச் சேர்ப்பது வேறு என்ற கோட்டை அவர் வாசகனின் கண்முன்னே வரைந்து காட்டிவிடுகிறார். ஏட்டுச் சுவடியில் செல்லரித்த சொல்லைத் தாமே நிரப்பிவிட்டு அடிக்குறிப்பும் இடாமல் போன பதிப்பாசிரியர்கள் சிலர் நம் நினைவுக்கு வருகிறார்கள். பெயர் வேண்டாம்.

மொழிபெயர்ப்பையும் இந்த வரிசையில் சேர்க்கத் தோன்றுகிறது. நிண்டெண்டோ 2006இல் ஜப்பானில் வெளியிட்ட 'மதர் 3' அதிகாரபூர்வமாக ஆங்கிலத்தில் வந்ததேயில்லை. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரான கிளைட் மாண்டலின் தலைமையில் ரசிகர்கள் சேர்ந்து 2008 அக்டோபரில் முழு ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஒரு பேட்ச்சாகத் தந்தார்கள். ஒரு தாயின் மரணத்தையும் ஒரு கிராமத்துக்குள் பணம் நுழைவதையும் சொல்லும் அந்தக் கதையை ஜப்பானிய மொழி அறியாதவர்கள் அனுபவிக்க முடிந்தது அவர்களால்தான்.

புதிய எழுத்துக்கு மோட் நாற்றங்காலாக இருந்திருக்கிறது என்பது அடுத்தது. 2008இல் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் பின்ச்பெக், துப்பாக்கிச் சண்டைக்காகச் செய்யப்பட்ட 'ஹாஃப் லைஃப் 2' எஞ்சினை எடுத்து அதிலிருந்து துப்பாக்கியை நீக்கினார். எஞ்சியது ஒரு ஸ்காட்லாந்துத் தீவு. அதில் நடக்கலாம், அவ்வளவுதான். நடக்க நடக்க, இறந்துபோன எஸ்தருக்கு எழுதப்பட்ட கடிதத் துண்டுகள் ஒலிக்கும். எந்தத் துண்டு எப்போது வரும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். 'டியர் எஸ்தர்' என்ற அந்த மோட் 2012இல் தனி விளையாட்டாக மறுவடிவம் பெற்றது. சண்டையில்லாத, நடந்துசெல்வதே அனுபவமான விளையாட்டு என்ற வகைமைக்கு அது முன்னோடி. சந்தைக்கு முதலில் சென்றிருந்தால், 'ஆடுபவர் இதில் என்ன செய்வார்?' என்ற கேள்வியிலேயே அந்த யோசனை செத்திருக்கும்.

'ஃபர்காட்டன் சிட்டி'யின் கதை இன்னும் கூர்மையானது. ஆஸ்திரேலிய வழக்கறிஞரான நிக் பியர்ஸ், பெதஸ்டா 2011இல் வெளியிட்ட 'ஸ்கைரிம்' விளையாட்டுக்கு 2015இல் இந்த மோட்டை எழுதினார். நிலத்தடி நகரமொன்று, அங்கே ஒருவர் குற்றம் இழைத்தாலும் அனைவரும் அழிவார்கள். எது குற்றம், யார் வகுத்தது என்ற விசாரணைதான் கதை. ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கம் 2016இல் இதற்கு விருது வழங்கியது. மோட் ஒன்றுக்கு அத்தகைய விருது அதுவே முதல்முறை. பியர்ஸ் வழக்கறிஞர் வேலையை விட்டுவிட்டு இதைத் தனி விளையாட்டாக்க முனைந்தார். 2021இல் அது வெளிவந்தபோது, நகரம் ரோமானியர்களுடையதாகியிருந்தது. எஞ்சின் வேறு, கட்டடங்கள் வேறு. ஸ்கைரிமின் உலகத்துக்குரிய அனைத்தையும் களைந்த பிறகே அக்கதையை அவரால் தமதென்று விற்க முடிந்தது. பொதுவாக இதை ஒரு வெற்றிக்கதையாகச் சொல்வார்கள். நமக்கோ, சாமான்களை வண்டியிலேற்றிக் குடிபெயரும் காட்சிதான் தெரிகிறது.

தீமைகளுக்கு வருவோம். வழக்கமாகச் சொல்லப்படுவன நாம் அறிந்தவையே. 2023 ஜூனில் 'மைன்கிராஃப்ட்' மோட்களுக்குள் தீநிரல் புகுத்தப்பட்டு ஆடுவோரின் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. முன்பின் தெரியாதவர் தரும் நிரலை நம் கணினியில் ஓடவிடுவதில் அந்த ஆபத்து என்றும் உண்டு. ஆபாசமும் உண்டு, மிகுதியாகவே உண்டு. பெண் பாத்திரங்களின் ஆடை குறைப்பதில் மனிதகுலம் செலவிட்டிருக்கும் உழைப்பைக் கணக்கிட்டால் இன்னொரு கண்டத்தைக் கட்டியிருக்கலாம். மோட்களைத் திருடிப் பிறர் பெயரில் இடுவதும் நடக்கிறது. 2016இல் 'ஃபால்அவுட் 4' விளையாட்டின் எக்ஸ்பாக்ஸ் வடிவத்துக்கு மோட் வசதி வந்ததும், கணினியில் உழைத்தவர்களின் ஆக்கங்களை வேறு யாரோ அனுமதியின்றி அங்கே ஏற்றினார்கள். இவையெல்லாம் கண்டிக்கத்தக்கவை, கண்டித்துவிட்டுக் கடந்துபோகலாம்.

கடந்துபோக இயலாதவை வேறு இரண்டு.

ஒன்று, மோட் எழுதுவோரின் நல்லெண்ணம் நிறுவனத்தின் சோம்பலுக்கு முட்டுக்கொடுப்பது. ஸ்கைரிமில் உள்ள ஆயிரக்கணக்கான பிழைகளைத் தன்னார்வலர்கள் 'அதிகாரபூர்வமற்ற பேட்ச்' என்ற பெயரில் திருத்திவைத்திருக்கிறார்கள். ஸ்கைரிமோ 2016இல் சிறப்புப் பதிப்பாக விற்கப்பட்டது. 2021இல் ஆண்டுவிழாப் பதிப்பாக விற்கப்பட்டது. தன்னார்வலர்கள் என்றோ திருத்திய பிழைகளில் பல அப்படியே இருந்தன. ரசிகர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. எழுதிவைக்கத் தேவையும் இல்லை. கோயில் திருவிழாவில் பந்தல் போட ஊர் இளைஞர்கள் தாமே வருவார்கள் என்பதால் ஒப்பந்தக்காரர் கயிறுகூட வாங்காமல் விடுவதுண்டல்லவா, அதுபோல.

அந்தப் பேட்ச்சிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. எது பிழை, எது படைத்தவரின் நோக்கம் என்று முடிவு செய்பவர் யார்? அதிலுள்ள சில மாற்றங்கள் பிழைதிருத்தம் அல்ல, திருத்துபவரின் விருப்பம் என்று ஆடுவோர் பலர் குறைபட்டிருக்கிறார்கள். வேண்டாமென்று ஒதுக்கவும் எளிதில் முடியாது. வேறு பல மோட்கள் இதன்மேல்தான் நிற்கின்றன. ஷ்பால் தரும் தெரிவு இங்கே இல்லை. பாடத்தைச் செம்மை செய்ய வந்தவர் பாடத்தின் காவலராகிவிடுவது நம் பதிப்பு வரலாறும் கண்டதே.

இரண்டாவதே பெரிது: உடைமை. அமெரிக்காவில் 1998இல் முடிந்த ஒரு வழக்கை இங்கே சொல்ல வேண்டும். 'டியூக் நியூக்கம் 3டி' விளையாட்டோடு வரைபடம் கட்டும் கருவியும் தரப்பட்டது. கட்டியவற்றை இலவசமாக மட்டுமே பகிரலாம் என்பது நிபந்தனை. மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் இணையத்தில் கிடந்த முந்நூறு ரசிகர் வரைபடங்களை அள்ளி ஒரு குறுந்தகட்டில் போட்டு விற்றது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. அந்த வரைபடங்கள் டியூக் என்னும் நாயகனின் புதிய சாகசங்களைச் சொல்கின்றன, ஆகவே தொடர்நூல்களைப் போன்றவை, தொடர்நூல் எழுதும் உரிமை மூலத்தின் உரிமையாளருக்கே உரியது என்பது தீர்ப்பின் சாரம். விற்றவர் தோற்றார், அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் மன்றத்தில் நின்ற இரு தரப்பிலும் அந்த முந்நூறு வரைபடங்களைக் கட்டியவர் ஒருவர்கூட இல்லை. அவர்களது உழைப்பைப் பற்றி இரண்டு வணிகர்கள் வாதிட்டார்கள். தீர்ப்பு, அவை கதைகள் என்று ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலே எழுதியவரின் கையிலிருந்து அவற்றைப் பிடுங்குவதற்கான காரணமாகவும் ஆனது. இலக்கியக் கோட்பாட்டாளர் எவரும் யோசித்திராத நகைமுரண் இது.

அதன்பின் நிறுவனங்கள் தெளிவடைந்துவிட்டன. பிளிஸார்ட் நிறுவனத்தின் 'வார்கிராஃப்ட் 3'இல் ரசிகர் ஒருவர் கட்டத் தொடங்கி, கைமாறிக் கைமாறி வளர்ந்த வரைபடம் 'டோட்டா'. அதன் வழிவந்த விளையாட்டை 2013இல் வால்வ் நிறுவனம் தன்னுடையதாக வெளியிட்டது. பெயர் யாருக்கென்று பிளிஸார்டும் வால்வும் மோதி 2012இல் சமாதானமாகியிருந்தன. பாடம் கற்ற பிளிஸார்ட், 2020இல் வார்கிராஃப்ட் 3இன் புதுப்பதிப்பு வந்தபோது, ஆடுவோர் உருவாக்கும் வரைபடங்கள் அனைத்தும் தன் தனியுடைமை என்று நிபந்தனையில் எழுதிவைத்தது. ஆக்கியவருக்குரிய தார்மிக உரிமையையும் துறந்துவிட வேண்டும் என்றது. பணம் கிடைக்காது என்பதை மோட் எழுதுவோர் முன்பே ஏற்றுக்கொண்டவர்கள். 'இதை எழுதியது நான்' என்று சொல்லும் உரிமையையும் கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

பணம் என்றதும் 2015 ஏப்ரல் நினைவுக்கு வரும். அம்மாதம் 23ஆம் தேதி, வால்வும் பெதஸ்டாவும் சேர்ந்து ஸ்கைரிம் மோட்களை விலைக்கு விற்க வழிசெய்தன. விலையில் 30 விழுக்காடு வால்வுக்கு, 45 பெதஸ்டாவுக்கு, எழுதியவருக்கு 25. மூண்டது கலகம். மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். விற்பனைக்கு வந்த மீன்பிடி மோட் ஒன்று, இன்னொருவரின் இலவச ஆக்கத்தைச் சார்ந்திருந்ததால் விலக்கப்பட்டது. நான்கே நாட்களில் திட்டம் கைவிடப்பட்டு, பணம் திருப்பித் தரப்பட்டது.

ரசிகர்கள் வென்றார்கள் என்றே பலரும் எழுதினார்கள். நாம் அத்தனை எளிதாக மகிழ முடியவில்லை. ஒருவர் மோட் மற்றவர் மோட்டின் மேல் நிற்கும்போது விலை நுழைந்தால் அந்தக் கொடுக்கல் வாங்கல் குலையும் என்ற அச்சம் நியாயமானது. மீன்பிடி மோட்டே சாட்சி. கால் பங்குதான் எழுதியவருக்கு என்பதும் கோபத்துக்குரியது. ஆனால் அந்த நான்கு நாட்களில் வசைகளில் பெரும்பங்கு நிறுவனங்களுக்குப் போகவில்லை. விலை குறித்த மோட் எழுத்தாளர்களுக்குப் போயிற்று. ஆண்டுக்கணக்கில் இலவசமாகத் தந்தவர் ஒருநாள் காசு கேட்டதும் துரோகியானார். அன்பளிப்பைப் பெற்றுப் பழகியவர்கள் அதைத் தம் உரிமையென்று எண்ணத் தொடங்குவதும் மோட் உலகின் தீமைகளில் ஒன்றுதான். சிற்றிதழ் நடத்தியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இலவசப் பிரதி தாமதமானால் முதலில் கோபிப்பவர் சந்தா கட்டாதவர்தான். பெதஸ்டா பிறகு 2017இலும் 2023இலும் வேறு வடிவங்களில் விற்பனையைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு இருந்தது, பழைய வேகம் இல்லை.

2021 ஜூலையில் எழுந்த தகராறு இன்னும் சிக்கலானது. அதில் வில்லன் இல்லை. மோட்களின் மிகப்பெரிய கிடங்கான நெக்சஸ் மோட்ஸ், ஒருவர் பல மோட்களைத் தொகுத்துப் பட்டியலாகத் தர, மற்றவர்கள் ஒரே சொடுக்கில் அனைத்தையும் நிறுவும் வசதியை அறிவித்தது. பட்டியலில் உள்ள ஒன்றை எழுதியவர் நீக்கிவிட்டால் முழுக் கட்டடமும் சரியும். எனவே, இனி எழுதியவர் நீக்கினாலும் கோப்பு காப்பகத்தில் இருக்கும், முற்றாக அழிக்கப்படாது என்றது. விரும்பாதோர் ஆக்கங்களை எடுத்துச்செல்ல ஒரு மாத அவகாசம். பலர் எடுத்துச்சென்றார்கள். ஆண்டுக்கணக்கான உழைப்பு ஒரு மாதத்தில் அங்கிருந்து மறைந்தது.

இருபக்க நியாயத்தையும் நாம் அச்சுலகின் வழக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். அச்சான நூலை வாசகரின் அலமாரியிலிருந்து எழுத்தாளர் திரும்பப் பெற முடியாது. நூலகத்தில் ஒரு படி இருப்பதையும் தடுக்கக் கூடாது. அந்த அளவில் காப்பகம் சரியே. ஆனால் ஒருவர் கவிதையைத் தொகைநூலில் சேர்க்க அவரது அனுமதி வேண்டும் என்பதும் அச்சுலகின் அடிப்படை மரியாதை. தொகுப்பில் கோப்பே இல்லை, வெறும் பட்டியல்தான் என்று வாதிட்டார்கள், சட்டப்படி பொருந்தலாம். ஒரு மோட்டைத் தனித்து ரசிக்கும் நோக்கில் எழுதியவர், அது ஐந்நூறு மோட்களின் மூட்டையில் பெயர் தெரியாத ஒன்றாகச் சொடுக்கப்படுவதை விரும்பவில்லை என்றால், அந்த விருப்பத்துக்கு இடமளித்திருக்கலாம். காப்பகம் இருக்கட்டும், தொகுப்புக்கு இசைவு கேட்கட்டும் என்பதே நம் தரப்பு. ஊதியமில்லாத உழைப்பில் எழுதியவருக்கு எஞ்சுவது பெயரும் இசைவும்தாம். இவ்விரண்டையும் நிறுவனமோ கிடங்கோ ரசிகர் கூட்டமோ எடுத்துக்கொள்ளுமானால், மோட்டின் நன்மைகளாக மேலே அடுக்கியவற்றைச் செய்ய வருபவர் குறைவார்.

பெயரையும் இசைவையும் காத்துவிட்டாலும், நிலம் இரவல் என்பது மாறாது. ஸ்கைரிமின் பெரிய மோட்கள் பலவும் தன்னார்வலர்கள் எழுதிய ஒரு நிரல் நீட்சியை நம்பியிருக்கின்றன. பெதஸ்டா மூல நிரலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நீட்சி முறிகிறது, அதன்மேல் நிற்பவையும் முறிகின்றன. 2021 ஆண்டுவிழாப் பதிப்பின்போது அதை எழுதுவோர் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டியிருந்தது. இதில் வன்மம் எதுவும் இல்லை. வீட்டுக்காரர் தம் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார், குடியிருப்பவரின் சுவர்ச்சித்திரம் போய்விடுகிறது. பழைய பதிப்பையும் வேண்டுவோர் எளிதாகத் தேர்ந்தெடுக்குமாறு விற்பனைத் தளங்கள் வைத்திருந்தால் இந்தத் துயரில் பாதி குறையும். பெரிய செலவில்லாத காரியம். கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள்.

பல ஆண்டுகள் உழைத்துத் தன்னார்வலர் குழுவொன்று ஃபால்அவுட் 4இன் மேல் லண்டன் நகரைக் கட்டியது. குரல் நடிகர்கள், புதிய கதை, புதிய தெருக்கள் என்று ஒரு முழு விளையாட்டுக்கு நிகரான ஆக்கம். 'ஃபால்அவுட்: லண்டன்' வெளியாக 2024 ஏப்ரல் 23 என்று நாள் குறித்திருந்தார்கள். ஏப்ரல் 25ஆம் தேதி ஃபால்அவுட் 4க்குப் பெரிய புதுப்பிப்பு வரும் என்று பெதஸ்டா அறிவித்தது. வெளியீடு தள்ளிப்போனது. மூன்று மாதங்கள் கழித்து, ஜூலை 25 அன்று, லண்டன் திறந்தது. அதற்குள் நுழைய விரும்பியவர்கள் முதலில் செய்ய வேண்டியிருந்தது, தம் கணினியிலிருந்த புதுப்பிக்கப்பட்ட ஃபால்அவுட் 4ஐப் பழைய பதிப்புக்கு இறக்குவது.